முயல் சினையா, இல்லையா? நாள் கணக்கு வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பெண் முயல் திடீரென்று புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு கூண்டின் மூலைக்கு ஓடுகிறது. நெஞ்சு முடியைப் பிடுங்கிக் குவிக்கிறது. கையைக் கிட்டே கொண்டுபோனால் உறுமுகிறது. சினைதான் என்று முடிவுகட்ட இது போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சினையே பிடிக்காத முயலும் இந்த மூன்றையும் அப்படியே செய்யும். வயிறு பெருத்திருப்பதும் நம்பத்தக்க அடையாளம் இல்லை. கொழுத்த முயலுக்கும் வயிறு பெருக்கும், குடல் இயக்கம் நின்று வாயு கட்டிய முயலுக்கும் பெருக்கும். கடைசியாகச் சொன்னது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அதைச் சினை என்று நினைத்து வீட்டில் வைத்திருந்தால் முயலை இழக்க நேரும்.

முயலின் சினைக்காலம் சராசரியாக 31 நாள். இவ்வளவு குறுகிய காலத்தில், ஓர் அறிகுறி தெரிகிறதா என்பதைவிட அது எத்தனையாவது நாளில் தெரிகிறது என்பதுதான் முக்கியம். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியும் நாளை வைத்தே போகிறது. ஆண் முயலோடு சேர்ந்த நாளை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில், சினையாக வாய்ப்பு இருந்ததா?

சின்ன இன முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். நடுத்தர இனங்களுக்கு நான்கு முதல் ஆறு மாதம். பெரிய இனங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். இணை சேர்வது சில விநாடிகளில் முடிந்துவிடும். “நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே அறையில் சில நிமிடம் ஒன்றாக விட்டிருந்தாலே வாய்ப்பு இருந்தது என்று கணக்கில் வையுங்கள்.

பலரும் சறுக்கும் இடங்கள் மூன்று:

“இரண்டுமே பெண்” என்று சொல்லிக் கொடுத்த ஜோடி. குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் தவறு நடப்பது மிகச் சாதாரணம். ஆண் குட்டியின் விதைகள் 10 முதல் 12 வாரத்தில்தான் கீழே இறங்கும். அதற்கு முன்பு பார்த்துச் சொன்னதை நம்பாமல் மறுபடி பாருங்கள். பிறப்புறுப்பின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினால், பெண்ணுக்கு நீளவாக்கில் ஒரு பிளவு தெரியும். ஆணுக்கு வட்டத் துளையோடு சிறு குழல் வெளியே வரும்.

விதை நீக்கிய ஆண். அறுவை முடிந்த மறுநாளே அது மலடாகிவிடுவதில்லை. குழாய்களில் தங்கிய விந்தணுக்களால் நான்கு முதல் ஆறு வாரம் வரை சினைப்படுத்த முடியும்.

உடன்பிறந்தவை. அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் முயலுக்குக் கிடையாது. மூன்று மாதம் ஆவதற்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும்.

வாய்ப்பு இருந்தது என்று தெரிந்தால் இன்றே ஆணைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சினையாக இருந்தால் ஆண் தொல்லை கொடுக்கும், இல்லாவிட்டால் இன்றே சினையாக்கிவிடும். தவிர, ஒன்றாக விட்டிருக்கும்வரை உங்கள் நாள் கணக்கு முடியவே முடியாது.

2. இரண்டு தேதிகளை எழுதி வையுங்கள்

ஆணோடு சேர்ந்திருக்கக்கூடிய முதல் தேதி, கடைசித் தேதி. இந்த இரண்டும் இல்லாமல் மருத்துவராலும் பாதி வேலைதான் செய்ய முடியும். ஒரே நாள்தான் சேர்ந்தது என்றால் கணக்கு எளிது. பல நாள் ஒன்றாக இருந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள்: ஏற்பாடுகளுக்கு முதல் தேதியிலிருந்து எண்ணுங்கள், “இனி இல்லை” என்று முடிவு செய்யக் கடைசித் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டாக, மார்ச் 3 முதல் மார்ச் 9 வரை ஒன்றாக இருந்தன என்று வைப்போம். ஈனும் பெட்டி மார்ச் 31 அன்று கூண்டில் இருக்க வேண்டும், அதுதான் முதல் தேதியிலிருந்து 28ஆம் நாள். ஸ்கேனுக்குப் போவதானால் மார்ச் 23, அதாவது கடைசித் தேதியிலிருந்து 14ஆம் நாள். அதற்கு முன் போனால், கடைசி நாளில் பிடித்த சினை கண்ணுக்குத் தப்பக்கூடும். குட்டிகளை ஏப்ரல் 2 முதல் 11 வரை எதிர்பார்க்கலாம்.

ஒரு குறிப்பேட்டில் தேதி, எடை, தின்ற அளவு, புழுக்கையின் அளவு, வித்தியாசமாகத் தெரிந்தது எதுவானாலும், நாளுக்கு ஒரு வரி போதும். மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய முதன்மையான ஆவணம் இதுதான்.

3. எடை பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

சமையலறைத் தராசு போதும். ஒரு பெட்டியை வைத்து அளவைச் சுழியாக்கிவிட்டு முயலை உள்ளே விடுங்கள். காலையில், பெல்லட் (குச்சிபோல அழுத்திச் செய்த கடைத் தீவனம்) கொடுப்பதற்கு முன், எப்போதும் ஒரே நேரத்தில் பாருங்கள். வயிறும் சிறுநீர்ப்பையும் நிறைந்திருப்பதாலேயே ஒரு நாளுக்குள் எடை கணிசமாக ஏறி இறங்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

முதல் இரண்டு வாரத்தில் எடையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கருக்கள் வேகமாக வளர்வது கடைசிப் பத்து நாளில்தான். பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் இனத்துக்கேற்ப 30 முதல் 70 கிராம் இருக்கும், கூடவே நஞ்சுக்கொடியும் நீரும் உண்டு. நான்கைந்து குட்டி என்றால் தராசில் தெளிவாகத் தெரியும். ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் கடைசிவரை சந்தேகமாகவே இருக்கும். எடை ஏறவில்லை என்பதற்காகச் சினை இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

4. பொய்ச்சினையைப் பிரித்தறியுங்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பெண் முயலுக்கு மாதவிலக்கு கிடையாது. நாய், பூனைகளைப் போல ஒரு குறிப்பிட்ட பருவமும் கிடையாது. இணை சேரும் தூண்டுதலால்தான் சினைமுட்டை வெளிவருகிறது. சேர்ந்து ஏறக்குறைய 10 முதல் 13 மணி நேரத்தில் வெளிவந்துவிடும். அதே தூண்டுதல் வேறு வழியிலும் கிடைக்கும். இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும், மலட்டு ஆண் சேர்ந்தாலும் முட்டை வெளிவரும். முட்டை வெளிவந்துவிட்டால், கரு உருவாகாவிட்டாலும், சினைப்பை சினைக்கால ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கிவிடும். உடம்பைப் பொறுத்தவரை அது சினைதான். 16 முதல் 18 நாளில் அந்த ஹார்மோன் சரிந்துவிடும். ஈனப்போகும்போது நடக்கும் அதே மாற்றம் இப்போது பாதி வழியிலேயே நடக்கிறது. அதனால்தான் முயல் கூடு கட்டுகிறது, முடி பிடுங்குகிறது, மடியில் பால்கூடச் சுரக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: முடி பிடுங்கியது எத்தனையாவது நாள்?

16 முதல் 18ஆம் நாளில் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டி, இரண்டு மூன்று நாளில் எல்லாவற்றையும் மறந்து பழையபடி தின்றுகொண்டு திரிந்தால் அது அநேகமாகப் பொய்ச்சினை. 28 முதல் 31ஆம் நாளில் இதையே செய்தால் பெரும்பாலும் உண்மைச் சினை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஈன்றுவிடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மார்ச் 19 முதல் 27 வரை முடி பிடுங்கினால் பொய்ச்சினை என்று சந்தேகப்படலாம். ஆனால் சந்தேகம் வேறு, முடிவு வேறு. உண்மையாகச் சினைப்பட்ட சில முயல்களும் இரண்டாம் வாரத்திலேயே புல் சேர்க்கத் தொடங்குவதுண்டு. ஆகவே பெட்டி வைக்கும் தேதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கைவிடாதீர்கள்.

வேறு சில ஏமாற்று அடையாளங்கள்:

மருந்துக்கடையில் மனிதர்களுக்காக விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை முயலுக்குப் பயன்படாது. அது கண்டுபிடிக்கும் ஹார்மோன் முயலின் உடம்பில் உருவாவதே இல்லை. என்ன கோடு வந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது.

சிறுநீர் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ வந்தால் அது பெரும்பாலும் தின்ற இலையின் நிறமி. உண்மையான இரத்தமாக இருந்தால், குறிப்பாக வயதான பெண் முயலில், அது கருப்பை நோயின் அடையாளமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் அது சினை அறிகுறி இல்லை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடி ஆணோடு விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். மறுத்து ஓடினால் சினை, ஒத்துக்கொண்டால் இல்லை என்று சொல்வார்கள். இதைச் செய்யாதீர்கள். சினை முயல்களிலும் சில ஏற்றுக்கொள்ளும், சினையில்லாதவற்றிலும் சில கடித்து விரட்டும். விடை கிடைக்காததோடு புதிதாகச் சினை பிடிக்கவும், சண்டையில் காயம் படவும் வாய்ப்பு உண்டு.

5. கையால் தடவிப் பார்த்தல்: 12ஆம் நாளை ஒட்டி மட்டும்

முயல் வளர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் 10 முதல் 14ஆம் நாளுக்குள் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். 12ஆம் நாளையொட்டிக் கரு கோலிக்குண்டு அளவுக்கு வந்து, கருப்பையின் இரு கிளைகளிலும் தனித்தனி உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். 14ஆம் நாளுக்குப் பிறகு உருண்டைகள் பெரிதாகி மென்மையாகி ஒன்றோடொன்று நெருங்கிவிடும். அப்போது குடலையும் கருவையும் பிரித்துணர்வது கடினம்.

வழுக்காத மேசையில் துண்டு விரித்து, முயலின் தலை உங்கள் பக்கம் இருக்குமாறு நிறுத்துங்கள். ஒரு கையால் தோள்பட்டையை அணைத்துப் பிடியுங்கள். மற்றக் கையை வயிற்றுக்கடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். அது உடம்பைத் தளர்த்தும்வரை அசையாமல் காத்திருங்கள். பிறகு விரல் நுனிகளை மெதுவாக நெருக்கி, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கரு என்றால் வழவழப்பான உருண்டை விரலிடையே நழுவிப் போகும்.

தவறு நடக்கும் இடம் புழுக்கை. குடலில் இருக்கும் புழுக்கையும் உருண்டைதான். ஆனால் அது கருவைவிடச் சிறியது, கெட்டியானது, முதுகெலும்பை ஒட்டி மேலே வரிசையாக இருக்கும். கருக்கள் கீழே, இரு பக்கமாகச் சிதறியிருக்கும். சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டுக் கரு என்று நினைப்பவர்களும் உண்டு.

வயிற்றை அது இறுக்கினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் கரு பிய்ந்து அழியும். முயல் துள்ளினால் பின்னங்கால்களின் சொந்த விசையிலேயே அதன் முதுகெலும்பு முறியக்கூடும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்க்கவும் வேண்டாம். அப்போது அது அசையாமல் கிடப்பது பயத்தால்தான், சுகத்தால் அல்ல. வீட்டில் செல்லமாக ஒரே ஒரு முயல் வைத்திருப்பவர் இந்தப் படியை மருத்துவரிடம் விடுவதே நல்லது. பழக்கமில்லாத கைக்கு ஒன்றும் தட்டுப்படாததை வைத்துச் சினை இல்லை என்று சொல்ல முடியாது.

6. மருத்துவரிடம்: எப்போது, எதற்கு, எவ்வளவு

போனில் முதலில் கேட்க வேண்டியது, முயல் பார்த்துப் பழக்கம் உண்டா என்பது. நாய், பூனை மட்டும் பார்க்கும் இடங்களில் முயலுக்கு ஆகாத மருந்து எழுதப்பட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை, உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் இரண்டும் முயலுக்கு உயிராபத்து. அல்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. எதற்காகப் போனாலும், “சினையாக இருக்கலாம்” என்பதை மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

10 முதல் 14ஆம் நாளுக்குள் போனால் மருத்துவர் கையாலேயே பார்த்துவிடுவார். இது பெரும்பாலும் ஆலோசனைக் கட்டணத்துக்குள் அடங்கும். ஸ்கேனுக்குத் தனிக் கட்டணம். ஆனால் கருவின் இதயத் துடிப்பையே பார்த்துவிடலாம் என்பதால் இதைவிடத் தெளிவான விடை கிடையாது. எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ண வேண்டுமானால் அவற்றின் எலும்பு நன்றாக உறைந்திருக்க வேண்டும், அதாவது சினைக்காலத்தின் கடைசிப் பகுதி. ஈனுவதில் சிக்கல் வந்து, உள்ளே இன்னும் குட்டி இருக்கிறதா என்று தெரிய வேண்டியபோதுதான் எக்ஸ்ரே உண்மையில் கைகொடுக்கும்.

கிளம்புமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்கேனுக்கு முடி மழிப்பார்களா, மயக்கம் கொடுப்பார்களா, இரவில் அவசரம் என்றால் யார் பார்ப்பார்கள். முயலின் தோல் மிக மெல்லியது. முடியை நனைத்து ஜெல் தடவியே பார்க்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. முயல் அசையாமல் இருந்தால் ஸ்கேனுக்கு மயக்கமே தேவைப்படாது, செலவும் குறையும். யார் சொன்னாலும் முயலைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். அதற்கு வாந்தி எடுக்க முடியாது, எனவே பட்டினியால் பயனில்லை. வயிறு காலியானால் குடல் நின்றுவிடும்.

குட்டிகள் வேண்டாம் என்பது உங்கள் முடிவானால் அதையும் இந்தச் சந்திப்பிலேயே பேசுங்கள். சினையின் தொடக்கத்தில் கருப்பையை நீக்கும் அறுவை செய்ய முடியும். நாள் ஏற ஏற இரத்தப்போக்கும் ஆபத்தும் கூடும், மருத்துவர்கள் தயங்குவார்கள். பல குட்டிகளுக்கு நல்ல வீடு தேடுவது எளிதல்ல, வெட்கப்படாமல் கேளுங்கள்.

7. 20ஆம் நாள் முதல் 28 வரை

சினை உறுதியாகியிருந்தாலும் சந்தேகமாகவே இருந்தாலும் உலர்புல்லும் தண்ணீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். உறுதியானால் 15ஆம் நாளுக்குப் பிறகு பெல்லட்டையும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரையும் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள். தொடக்கத்திலேயே கூட்டினால் சேர்வது கொழுப்புதான். அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. கொழுத்த முயல் கடைசி வாரத்தில் தீனியை நிறுத்தினால், உடல் கொழுப்பைக் கரைக்கும் வேகத்தில் நச்சு சேர்ந்து ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். அதே காரணத்தால், சினைக் காலத்தில் உடம்பைக் குறைக்கிறேன் என்று தீனியைச் சட்டென்று வெட்டுவதும் கூடாது. கடைசி வாரத்தில் 12 மணி நேரம் தின்னாமல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கடைசி வாரத்தில் முயல் காலை நீட்டி அமைதியாகப் படுத்திருக்கும்போது விலாப்பக்கம் பாருங்கள். தோலுக்கடியில் அசைவு தெரியலாம். காம்புகள் தடித்துச் சிவந்து, முடிக்கிடையே வெளிப்படத் தொடங்கும்.

28ஆம் நாள் ஈனும் பெட்டியை வையுங்கள். நடுத்தர அளவு முயலுக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். நுழைவுப் பக்கம் மட்டும் 15 செ.மீ. உயரத் தடுப்பு போதும். தாய் தாண்டும், குட்டி வெளியே விழாது. உள்ளே காய்ந்த புல்லோ வைக்கோலோ நிரப்புங்கள். பஞ்சும் நூல் பிரியும் துணியும் குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும், வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே வைத்தால் பெரும்பாலும் அதையே கழிப்பிடமாக்கிவிடும். முயல் ஏற்கெனவே மூலையில் கூடு கட்டத் தொடங்கியிருந்தால், அந்த மூலையிலேயே பெட்டியை வைத்து, பிடுங்கிய முடியை அதற்குள் மாற்றுங்கள்.

8. 30 முதல் 33ஆம் நாள்

பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஈனும். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதுதான் வழக்கம். விளக்கைப் போட்டு நின்று பார்க்காதீர்கள். பயந்தால் இடையில் நிறுத்திவிடும், சில சமயம் குட்டிகளை மிதித்தும்விடும். காலையில் தாய்க்கு ஒரு பிடி தழை கொடுத்து அதன் கவனம் அங்கே போனதும் பெட்டியைப் பாருங்கள். இறந்த குட்டியையும் மிஞ்சிய நஞ்சுக்கொடியையும் எடுத்துவிடுங்கள், உயிருள்ளவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடாது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம் மட்டுமே அது பால் கொடுக்கும். மற்ற நேரத்தில் பெட்டிப் பக்கம் போகாமல் இருப்பது இயல்பு. குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால் பால் குடித்திருக்கின்றன என்று அர்த்தம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்: அரைமணி நேரமாக முக்கியும் குட்டி வரவில்லை, ஒரு குட்டி பாதியில் மாட்டியிருக்கிறது, நாற்றமடிக்கும் பழுப்பு அல்லது பச்சை நீர் வடிகிறது, புது இரத்தம் நிற்காமல் வருகிறது, தாய் குளிர்ந்து சுருண்டு கிடக்கிறது. மாட்டிய குட்டியை நீங்கள் இழுக்காதீர்கள்.

ஒரே நாள்தான் சேர்ந்தது என்று உறுதியாகத் தெரிந்து, ஸ்கேனிலும் சினை தெரிந்து, 33ஆம் நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை என்றால் அன்றே கொண்டுபோங்கள். ஒன்றிரண்டு குட்டி மட்டும் இருந்தால் அவை பெரிதாக வளர்ந்து சிக்கிக்கொள்ளும். உள்ளேயே இறந்துவிட்டால் தாய்க்கும் ஆபத்து. இரவு அறுவைக்கு ஆகும் செலவு பகல் பரிசோதனையைவிடப் பல மடங்கு. செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பகலில் போன முயல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஈன்ற அன்றே முயல் மறுபடி சினை பிடிக்கும். ஆண் இன்னும் தனியாகத்தான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

9. கடைசித் தேதியிலிருந்து 35 நாள் தாண்டியும் குட்டி இல்லை

தாய் நன்றாகத் தின்று, புழுக்கை வழக்கம்போல விழுந்து, வடிதல் எதுவும் இல்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: சினை பிடிக்கவே இல்லை, பொய்ச்சினை வந்து போயிருக்கிறது, அல்லது தொடக்கத்தில் உருவான கருக்களை உடம்பே உறிஞ்சிவிட்டிருக்கிறது. மூன்றாவதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. ஸ்கேனில் சினை தெரிந்திருந்தால் மட்டும், உள்ளே ஏதும் தங்கவில்லை என்பதை மருத்துவர் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பொய்ச்சினையின்போது கட்டிய கூட்டை உடனே கலைக்காதீர்கள்; மறுபடி முடியைப் பிடுங்கித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளும். சில நாளில் தானே கைவிட்டுவிடும், பிறகு எடுத்துப் போடலாம். மடியில் தங்கிய பாலைக் கறந்து பார்க்க வேண்டாம், கறந்தால் இன்னும் சுரக்கும். மடி சூடாக, சிவந்து, கல்போலத் தடித்திருந்தால் அது மடிநோய், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொய்ச்சினை திரும்பத் திரும்ப வந்தால் கருப்பையையும் சினைப்பையையும் நீக்கும் அறுவைதான் நிரந்தரத் தீர்வு. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் பரவலாக வருவதால், பொய்ச்சினை வராதவற்றுக்கும் இதை யோசிக்கலாம். தேதி குறிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பால் சுரந்துகொண்டிருக்கும் நிலையில் அறுவை செய்தால் சுரப்பு நீடிக்கலாம். மடி முழுதாக வற்றிச் சில வாரம் போகட்டும், பிறகு தேதி கேளுங்கள்.